டைகருக்குக் கிடைத்த நற்சான்றிதழ்

போன மாதம் ஒரு நாள் காலை, நான் முன்பு வேலைசெய்த கால்நடை வைத்தியர் அலுவலகத்திலிருந்து இப்போதைய டொக்டர் தொலைபேசியில் அழைத்தார். நான் ஓய்வுபெற்று ஆறு வருடமாகிறது. ஓய்வுபெற்றவனை அலுவலகம் தேடினால் ஒன்று சாவி தொலைந்திருக்கும், இல்லாவிட்டால் கோப்பு தொலைந்திருக்கும். இந்தமுறை நேர்மாறு. ஏதோ ஒன்று கிடைத்திருந்தது.

"ஆதம்பாவா காக்கா, அலுமாரி துப்புரவாக்கக்குள்ள ஒரு கடதாசி ஆப்பிட்டிரிக்கி. மேல நற்சான்றிதழ் எண்டு போட்டிரிக்கி. பேர் டைகர், வயசு நாலு, தொழில் காவல். கீழ சாட்சிட கையெழுத்துக்கு மேல பெரிய மண்கறை ஒண்டு. இது என்ன காக்கா, ஆரும் பகிடிக்கு எழுதினதா? எறியட்டா?"

நான் பதறிப்போய் எழும்பியதில் கையிலிருந்த பிளேன்டித் தேநீர் சாறனில் ஊற்றுப்பட்டுவிட்டது. "எறிஞ்சிராதீங்க டொக்டர்! அது ஒரு உயிர்ர கடதாசி" என்றேன். அவர் சிரித்துவிட்டு, அப்படியென்றால் அந்தக் கதையை எழுதித் தாருங்கள் என்றார். ஊரில் இப்போது றோட்டில் நடத்திப்போகும் நாய்களுக்கு வாய்க்கூடு போடவேண்டும் என்று அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்களாம். ஆட்களும் கடையில் விற்கும் நைலோன் பட்டியை வாங்கி நாயின் வாயை இறுக்கிக் கட்டி, நடுப்பகலில் கடற்கரை மணலில் நடத்திக்கொண்டு போகிறார்களாம். அதைப் பற்றியும் இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள் என்றார். எனக்கு இரண்டு வரியில் எழுதத் தெரியாது. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

காக்கா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். வெறும் ஆதம்பாவா என்று கல்முனைப் பக்கம் கூப்பிட்டால் ஒரு தெருவுக்கு இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் ஒவ்வொருவருக்கும் ஓர் அடைமொழி உண்டு. லொறி ஆதம்பாவா, கண்ணாடி ஆதம்பாவா, ஒல்லி ஆதம்பாவா. என்னை நாய் ஆதம்பாவா என்பார்கள். மகளின் கல்யாணத்துக்குக் கதிரை வாடகைக்குக் கொடுத்தவர், எல்லாக் கதிரையின் முதுகிலும் சோக்கால் 'நாய் ஆதம்பாவா வீடு' என்று எழுதி அனுப்பியிருந்தார். சம்பந்திமார் அதில்தான் சாய்ந்து உட்கார்ந்தார்கள். எனக்குக் கோபம் வந்ததுதான். ஆனால் கதிரை சரியான வீட்டுக்கு வந்துவிட்டதே, என்ன செய்ய?

உண்மையில் நான் மாட்டை நம்பித்தான் இந்த உதவியாளர் வேலைக்கு வந்தேன். ஒரு வருடப் பயிற்சியில் சொல்லித் தந்ததெல்லாம் மாடு, ஆடு, கோழி. நாயைப் பற்றி ஒரேயொரு நாள் பாடம் நடந்தது. அன்று எனக்குக் காய்ச்சல். சம்மாந்துறைப் பக்கத்து அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலை உள்ளே போனால், மேசையில் ஒரு நாய் நின்றுகொண்டிருந்தது.

எங்கள் முஸ்லிம் ஆட்களுக்கு நாயோடு பகை ஒன்றும் கிடையாது. அதன் ஈரத்தோடுதான் பிரச்சினை. நாயின் எச்சில் பட்டுவிட்டால் பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும். அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால். காய்ந்த நாயைக் காய்ந்த கையால் தொட்டால் ஒன்றுமில்லை. ஆனால் காய்ந்த வாயோடு எந்த நாய் டொக்டரிடம் வருகிறது? பள்ளிவாசல் மௌலவியிடம் போய்க் கேட்டேன். வேலையை விடவேண்டியதில்லை, விசர்நாய்க்கடியிலிருந்து மனுசரைக் காப்பாற்றுவது நல்ல காரியம், கழுவிவிட்டுத் தொழு என்றார். அவருக்கு அது ஒரு வசனம். எனக்கு அது முப்பது வருடம்.

என் மனைவி பரீதா கேற்றடியில் ஒரு சிவப்பு வாளியில் தண்ணீரும், பக்கத்தில் பழைய பால்மா டின்னில் அரித்த மண்ணும் வைத்திருப்பாள். நான் வெளியே நின்று கழுவுவேன். அவள் குசினிக்குள் நின்று காதால் எண்ணுவாள்.

"எத்தின?"

"ஏழு."

"எனக்கு ஆறுதான் கேட்ட. இன்னொண்டு ஊத்துங்க."

வாதாடிப் பயனில்லை. ஊற்றிவிட்டுத்தான் சோறு தின்ன முடியும்.

எங்கள் அப்போதைய டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரப் பெண். மிஸ் என்று கூப்பிடுவோம். மெலிந்த ஆள், பெரிய குரல். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது: மிருகங்களோடு மரியாதையாகவும் நீளமாகவும் கதைப்பார், மனுசரோடு சுருக்கமாகக் கதைப்பார். "வாங்கோ ராசா, பயப்பிடாதேங்கோ, ஒரு சின்ன ஊசிதான், கண்ணை மூடித் திறக்க முடிஞ்சிடும்" என்பது நாய்க்கு. "ஆதம்பாவா, பிடியும்" என்பது எனக்கு. முதல் மூன்று மாதம் எனக்கு அந்த நாய்கள் மேல் பொறாமையாகவே இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். கடிக்கப் பார்த்த நாய் ஒன்றின் வாயைத் துணிப்பட்டியால் இறுக்கிக் கட்டி, வெயிலில் தூணோடு விட்டுவிட்டு, பிளேன்டி குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மிஸ் நாயை நிழலில் கிடத்திப் பட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரம் கட்டினனீர்?"

"பத்து நிமிசம் இரிக்கும் மிஸ்."

"இஞ்ச வாரும்."

அதே மாதிரி ஒரு துணிப்பட்டியை எடுத்து என் வாயைச் சுற்றிக் கட்டினார். அலுவலகத்தைச் சுற்றி மூன்று சுற்று ஓடச்சொன்னார். பங்குனி வெயில். முதலாவது சுற்றில் சிரிப்பு வந்தது. இரண்டாவது சுற்றில் மூக்கு போதவில்லை. மூன்றாவது சுற்றில் சாகப்போகிறவன் மாதிரிக் கலிமாச் சொல்லத் தொடங்கிவிட்டேன், அதுவும் மனதுக்குள்தான். மிஸ் அவிழ்த்துவிட்டுச் சொன்னார்: "உமக்கு உடம்பெல்லாம் வேர்க்குது. அவைக்கு அப்பிடியில்லை. வாயைத் திறந்து இளைச்சால்தான் அவையின்ரை சூடு ஆறும். வாயை மூடிக் கட்டினால் உள்ளுக்கை அவிஞ்சு போவினம்."

பிறகு கம்பியால் பின்னி, சைக்கிள் ரியூப் றப்பர் சுற்றிய ஒரு கூட்டை எடுத்து என் முகத்தில் மாட்டினார். "இதோடை அரை மணித்தியாலம் வேலை செய்யும்" என்றார். அது அவ்வளவு மோசமில்லை. வாயைத் திறக்கலாம், கதைக்கலாம், கம்பிக்கு இடையால் தண்ணீர்கூடக் குடிக்கலாம். அந்த நேரம் பார்த்து அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர் ஆட்டோடு வந்து ஸலாம் சொன்னார். நானும் கூட்டுக்குள்ளிருந்து பதில் ஸலாம் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மெல்ல மிஸ்ஸின் பக்கம் ஒதுங்கினார்.

"மிஸ், இவர் கடிப்பாரா?"

"இதுவரைக்கும் இல்லை" என்றார் மிஸ்.

நான் படித்த படிப்பெல்லாம் அந்த அரை மணித்தியாலத்தில்தான். நாய்க்கு வாய்க்கூடு என்றால் அதற்குள் அது வாயைத் தாராளமாகத் திறக்க வேண்டும், இளைக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். மூக்குநுனி கம்பியில் முட்டக்கூடாது. பட்டிக்கும் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரல் போகவேண்டும். துணிப்பட்டி என்றால் ஊசி போடும் நேரம் மட்டும்தான், அதற்கு மேல் ஒரு நிமிடமும் இல்லை.

அதேபோல் தலைப்பட்டி என்று ஒன்று உண்டு. வாய்க்கூட்டோடு அதைக் குழப்பக்கூடாது. ஒரு பட்டி மூஞ்சியைச் சுற்றி வரும், கண்ணுக்குக் கீழே, கண்ணில் உரசாமல். இன்னொரு பட்டி காதுக்குப் பின்னால். கயிற்றைத் தாடைக்குக் கீழே கொளுவ வேண்டும். இழுத்துக்கொண்டு ஓடும் நாயின் தலையை மெல்லத் திருப்பினால் உடம்பும் பின்னால் திரும்பும். மாட்டைக் கொண்டுபோகிறவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வெட்டி இழுக்கக்கூடாது, கழுத்து பிசகும். அதைப் போட்டுக் கட்டியும் வைக்கக்கூடாது. முக்கியமாக, தலைப்பட்டி போட்ட நாயால் தின்னலாம், குரைக்கலாம், கடிக்கவும் கடிக்கலாம். அது கடிவாளம், பூட்டு இல்லை.

இனி டைகரின் கதை.

நாட்டில் சண்டை முடிந்து சில வருடம் போன காலம். சம்மாந்துறையில் ஒரு நெல் மில்லில் டைகர் காவலுக்கு நின்றது. கபில நிறம், கன்றுக்குட்டி உயரம். மில் வோச்சர் சவரிதான் அதைக் குட்டியிலிருந்து வளர்த்தவர். சொறிக்கல்முனைக்காரர், ஐம்பது வயது, மனைவி இறந்து பிள்ளைகளும் இல்லாத தனி ஆள். பின்னேரங்களில் டைகரைக் கயிற்றில் பிடித்து நடத்திப்போவதாக அவர் சொல்வார். பார்த்தவர்களுக்குத் தெரியும், டைகர்தான் சவரியை நடத்திப்போகும். சவரியின் செருப்பு றோட்டில் உராயும் சத்தம் முதலே கேட்கும். ஆட்கள் ஒதுங்கிக்கொள்வார்கள்.

ஒரு நாள் ஒதுங்காமல் வந்தவர் முபாறக் டெய்லர். கடைத்தெருவில் தையல்கடை வைத்திருப்பவர், ஊரில் நூல் பிரியாத பூட்டுத் தையலுக்குப் பெயர்போனவர், தன் மரியாதையில் மிகக் கவனமான ஆள். சைக்கிளில் சாறன் படபடக்க வந்தார். டைகருக்கு அந்தப் படபடப்பு பிடிக்கவில்லை. சவரியின் கையிலிருந்து கயிறு போனது, முபாறக்கின் இடுப்பிலிருந்து சாறன் போனது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அக்கரைப்பற்று பஸ் அப்போதுதான் வந்து நின்றிருந்தது. உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரும் யன்னல் பக்கம் திரும்பினார்கள்.

மறுநாள் மில் முதலாளிக்கு ஒரு முறைப்பாட்டுக் கடிதம் போனது. ஒன்று, இந்த நாய் ஆட்களில் பாய்கிறது. இரண்டு, பின்னேரம் அஸர் தொழப்போகிறவர்களின் உடுப்பில் இதன் வாய்நீர் தெறிக்கிறது. கீழே ஒரு முழுத்தாள் நிறையக் கையெழுத்து. முதலாவது கையெழுத்து முபாறக்குடையது, தையல் மாதிரியே அழகான கையெழுத்து. முதலாளி அந்தக் கடிதத்தோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பின்னால் சவரி வாசலில் நின்றார்.

"மிஸ், ஊசியப் போட்டு முடிச்சி வைங்க. எனக்கு யாவாரம் முக்கியம்."

"பிழை நாயிலையோ கயித்திலையோ எண்டு பாக்காமல் நான் ஊசி எடுக்கமாட்டன்" என்றார் மிஸ். "மூண்டு கிழமை தாரும். மூண்டு கிழமையால இவர் மில்லிலையிருந்து கடைத்தெருவால நடந்து இஞ்ச வரட்டும். ஒருத்தரிலையும் பாயாமல் வந்தால் சான்றிதழ் எழுதித் தாறன். பாஞ்சால் நானே ஊசி போடுறன்."

முதலாளி தலையாட்டினார். சவரி வாசலில் நின்றபடியே, "மிஸ், அந்த ஊசி எண்டா எனக்கும் ஒண்டு எடுத்து வைங்க" என்றார். பகிடிக்குச் சொல்லவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்தபிறகு இந்த வேலையைத் தவறவிட எனக்கும் மனம் இடம்கொடுக்கவில்லை.

பழக்கும் பொறுப்பு எனக்கு. தினமும் காலையில் மில்லுக்குப் போவேன். முதல் மூன்று நாளும் கூட்டைத் தரையில் வைத்து உள்ளே ஒரு கருவாட்டுத் துண்டு போடுவதோடு சரி. டைகர் தானாக மூக்கை விட வேண்டும். நாங்கள் பிடித்துத் திணிக்கக்கூடாது. நாலாவது நாள்தான் பட்டியைப் பூட்டினோம். எவ்வளவு நேரம் என்பதற்குக் கடிகாரம் பார்க்கவில்லை. சவரி ஓர் 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடிக்கும்வரை, அவ்வளவுதான். அடுத்த நாள் நான் ஒரு பாத்திஹா ஓதி முடிக்கும்வரை. அதற்கடுத்த நாள் இரண்டு பேரும் ஒன்றன்பின் ஒன்றாக. இரண்டாம் கிழமை முடிவில் சவரி செபமாலை முழுதும் சொல்லி முடித்தார், டைகர் வாய்க்கூட்டோடு நித்திரையாகிவிட்டது.

தலைப்பட்டிதான் சிக்கல். கடையில் அந்த அளவில் கிடைக்கவில்லை. மெல்லிய பருத்திப் பட்டியில் தைப்பியும் என்றார் மிஸ். மருதமுனைக் கைத்தறிப் புடவைக் கரையில் ஒரு துண்டு பரீதாவிடம் இருந்தது, சிவப்பில் மஞ்சள் கோடு. ஆனால் கண்ணில் உரசாத மாதிரித் தைக்கக்கூடிய கை ஊரில் ஒன்றுதான் இருந்தது. அது முபாறக்கின் கை. நாய்க்கு என்று சொன்னால் கத்தரிக்கோலாலேயே குத்துவார். கன்றுக்குட்டிக்கு என்று சொல்லிவிட்டேன்.

அவர் அளவுத்துண்டைப் பார்த்தார். "எந்த இனக் கண்டு காக்கா? மூஞ்சி இவ்வளவு நீட்டு?"

"வெளிநாட்டு இனம்."

"அந்தக் கண்டுர வாப்பா குதிரையா?" என்று கேட்டுவிட்டுத் தைத்துத் தந்தார். அருமையான வேலை. அதைப் போட்ட நாளிலிருந்து டைகர் சவரியை இழுப்பதை விட்டது. முதலாளி மட்டும் ஒரு நாள் வந்து பார்த்து, "பட்டியப் போட்டும் வாய் திறக்குதே! இத மாத்தித் தரச்சொல்லுங்க" என்று சத்தம் போட்டார். தலைப்பட்டிக்கும் வாய்க்கூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவருக்கு விளக்க எனக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது. விளக்கி முடித்தபோது எனக்கே என் அறிவை நினைத்துப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில்தான் பிழை விட்டேன்.

நடைக்கு முதல்நாள். டைகர் இனிப் பாயாது என்று எனக்குத் தெரியும். ஆனால் கடிதத்தில் இரண்டாவதாக ஒன்று இருந்ததே, வாய்நீர்? கம்பிக்கூட்டின் இடையால் ஒரு சொட்டு யாருடைய வெள்ளைச் சாறனிலாவது விழுந்தால் போதும், முறைப்பாடு உறுதியாகிவிடும். இத்தனை வருடமாக ஏழு தடவை கழுவியவனுக்குத்தான் இப்படிப் பயம் வரும். கூட்டை எடுத்துக்கொண்டு திரும்பவும் முபாறக்கிடம் போனேன். உட்புறம் முழுதும் றெக்சீன் வைத்துத் தைத்துத் தாருங்கள், கன்றின் வாய்நீர் வெளியே வரக்கூடாது என்றேன்.

அவர் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உள்ளுக்கு றெக்சீன் வெச்சா காத்து என்னெண்டு போற காக்கா?"

"மூக்கால போகும்" என்றேன்.

வெயிலில் மூன்று சுற்று ஓடிய மனிதன் சொன்ன பதில் இது.

காலை எட்டு மணிக்கு முந்தி நடத்தி வாரும் என்று மிஸ் சொல்லியிருந்தார். அறுவடைக் காலம். மில் கேற்றில் நெல் மூட்டையோடு ட்ராக்டர்கள் வரிசையாக நின்று வழியை அடைத்துவிட்டன. வழி திறக்கும்போது பதினொன்றரை. பின்னேரத்துக்கு ஒத்திப்போட்டிருக்க வேண்டும். முதலாளி வாசலில் நின்று, இன்றைக்குத்தானே கெடு முடிகிறது என்று இரண்டு தடவை கேட்டார். வாங்க சவரி, போவோம் என்றேன்.

சவரி கோயிலுக்குப் போவதுபோல் வெள்ளைச் சேட்டு போட்டிருந்தார். டைகர் நடந்த நடையைச் சொல்ல வேண்டும். இறைச்சிக்கடையைத் தாண்டியது, திரும்பவில்லை. கோழிக்கூட்டைத் தாண்டியது, திரும்பவில்லை. சாறன் படபடக்க இரண்டு சைக்கிள் போனது, ஒரு காது மட்டும் அசைந்தது. சிவப்புக் கரைத் தலைப்பட்டியும் அதன்மேல் கூடுமாக மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரிப் போனோம். கடை வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். சவரி எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

தையல்கடைக்கு முன்னால் வந்தபோது முபாறக் கழுத்தில் அளவுநாடாவோடு வெளியே வந்தார். நாயைப் பார்த்தார். அதன் முகத்தைப் பார்த்தார்.

"அது என்ட பூட்டுத் தையல்!" என்று கத்தினார். "ஆதம்பாவா காக்கா, கண்டுக்குட்டி எண்டுதானே சொன்னீங்க!"

பதில் சொல்ல வாய் எடுத்தேன். டைகர் றோட்டில் உட்கார்ந்தது. அதற்குப் பண்பு வந்துவிட்டது என்று நினைத்துச் சவரி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, தண்ணீருக்குள் மூச்சு விடுகிற மாதிரி. பின்கால் இரண்டும் நடுங்கின. அப்படியே பக்கவாட்டில் சரிந்து விழுந்தது.

சவரி "டைகர், டைகர்" என்று அலறினார். நான் செய்தது என்ன என்று அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. கூட்டைக் கழற்ற வேண்டும். கழற்றி, அது மயக்கத்தில் யாரையாவது பிடித்துவிட்டால் ஊசி. கழற்றாவிட்டால் ஊசி தேவையில்லை, இங்கேயே முடிந்துவிடும். சுற்றி நூறு கண். என் விரல் பட்டிப்பூட்டைத் தேடி நாலு தடவை வழுக்கியது. கழற்றினேன். றெக்சீனுக்குள் தேங்கியிருந்தது அத்தனையும் என் இரண்டு கையிலும் சேட்டிலும் ஊற்றியது. கூட்டம் ஒரேயடியாகப் பின்வாங்கியது. டைகர் கடிக்கவில்லை. கருநீலமாகிப்போன நாக்கைத் தார்றோட்டில் போட்டுக்கொண்டு கிடந்தது.

"என்ன பாத்துக்கு நிக்கீங்க! நெழலுக்கு இழுங்க!"

சத்தம் போட்டவர் முபாறக். அந்த இடத்தில் நிழல் என்றால் அவருடைய கடைத் தாழ்வாரம் மட்டும்தான். நானும் சவரியும் தூக்கினோம், இன்னும் இரண்டு பேர் பின்காலைப் பிடித்தார்கள். முபாறக் உள்ளே ஓடித் தன் குடிதண்ணீர் வாளியோடு வந்தார். வயிற்றிலும் காலிலும் மெல்ல ஊற்றச்சொன்னேன். நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்கு மன்னிப்புக் கிடைத்த கதையை நாங்கள் பள்ளிவாசலில் எத்தனை பயானில் கேட்டிருப்போம். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவோம். அன்றுதான் ஒருவர் வாளியோடு நின்றதைப் பார்த்தேன்.

"றெக்சீன் என்ட கட றெக்சீன் காக்கா" என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல். "காத்து என்னெண்டு போற எண்டு கேட்டுப்போட்டு தெச்சவனும் நான்தானே."

டைகர் தலையைத் தூக்கப் பார்த்தது. தட்டு எடுக்க நேரமில்லை. முபாறக் உள்ளங்கையைக் குழித்துத் தண்ணீரை ஏந்தினார். டைகர் நக்கியது. இன்னொரு கை. இன்னொரு கை. நாக்கு மெல்லச் சிவப்புக்குத் திரும்பியது. வால் ஒரு தடவை நிலத்தில் தட்டியது. சவரி அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

பிறகுதான் முபாறக் தன் கையைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"ஏழுதானே காக்கா?"

"ஏழு. ஒண்டு மண்ணோட."

என் தோள்பையில் எப்போதும் ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு பொட்டலம் மண்ணும் இருக்கும். ஆனால் அது ஓர் ஆளுக்குப் போதுமான மண். இங்கே நாயைத் தூக்கிய இரண்டு பேர், முபாறக், நான். கடைக்குப் பின்னால் குழாய்க்கிணற்றடியில் மண்ணைத் தோண்டி வரிசையாக நின்று கழுவத் தொடங்கினோம். ஒவ்வொருவரும் சத்தமாக எண்ணியதில் ஒருவர் மூன்று என்னும்போது மற்றவர் ஐந்து என்றார், மூன்று என்றவர் ஆறுக்குத் தாவிவிட்டார். பரீதா அங்கே இருந்திருந்தால் ஒருவரையும் வீட்டுக்கு விட்டிருக்கமாட்டாள்.

யாரோ அறிவித்து மிஸ் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நேரே டைகரிடம் போய் முழங்காலில் குந்தினார். "என்ன ராசா செய்துபோட்டாங்கள் உங்களை?" என்று கேட்டுக்கொண்டே உதட்டை உயர்த்திப் பல்முரசைப் பார்த்தார், சூடு பார்த்தார், மூச்சை எண்ணினார். பிறகு றோட்டில் கிடந்த கூட்டை எடுத்து உட்புறத்தைத் திருப்பினார்.

"இது ஆற்றை மூளை?"

"என்ட மிஸ்" என்றேன்.

"அண்டைக்கு மூண்டு சுத்து ஓடவிட்டது போதாமல் போச்சு" என்றார். அவ்வளவுதான். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். முப்பது வருட வேலையில் ஆட்களுக்கு முன்னால் நான் அழுதது அந்த ஒரு நாள்தான்.

அதற்குள் முதலாளியும் வந்துவிட்டார். "பாத்தீங்களா மிஸ், இது சரிவராது. ஊசியப் போடுங்க."

மிஸ் எழும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். "இவர் இஞ்ச ஆரையாவது கடிச்சவரோ?"

சவரி டைகருக்கு முன்னால் வந்து நின்றார். முறைப்பாட்டில் கையெழுத்து வைத்த பாதிப்பேர் அங்கேதான் நின்றார்கள். ஆமாம் என்று ஒருவர் சொன்னால் போதும், கதை முடிந்தது.

கடைக்குப் பின்னால் குழாய்க்கிணற்றடியிலிருந்து முபாறக்கின் குரல் வந்தது. "இல்ல மிஸ். கூட்டக் கழட்டி அரை மணித்தியாலமாகுது. இவ்வளவு சனம். என்ட கையில தண்ணி குடிச்ச. நக்கின, கடிக்கல்ல."

மிஸ் பையிலிருந்து கடதாசி எடுத்து ஸ்கூட்டர் இருக்கையில் வைத்து எழுதினார். எழுதி முடித்து, "சொன்ன ஆள் வந்து சாட்சிக் கையெழுத்து வையும்" என்றார்.

"ஒரு நிமிசம் மிஸ், நாலாவதுல நிக்கன், மண்ணோட."

"முதலாளி மனம் மாறமுதல் வையும்!"

முபாறக் முழங்கை வரை மண்ணோடு ஓடிவந்தார். முறைப்பாட்டின் தலையில் இருந்த அதே அழகான கையெழுத்தை நற்சான்றிதழின் காலில் வைத்தார். பேனையோடு சேர்ந்து பெருவிரலும் பதிந்தது. முதலாளி பார்த்துவிட்டு மில்லுக்குத் திரும்பிப் போனார். சவரி முபாறக்கின் கையைப் பிடிக்க வந்தார். சவரியின் கையும் ஈரம். முபாறக் இரண்டு அடி பின்னால் போய், "பொறுங்க சவரி அண்ணன், நான் எத்தினையாவதுல நிண்ட?" என்றார். ஒருவருக்கும் தெரியவில்லை. திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்கினார்.

முதலாளிக்கு மண் இல்லாத பிரதி ஒன்றை மிஸ் பிறகு எழுதிக் கொடுத்தார். மண் பட்டதைத் தன் அலுமாரியில் வைத்தார். டைகர் அதன்பிறகு பல வருடம் காலை எட்டு மணிக்கு முந்தி நடந்து, கிழடாகி, சவரியின் கட்டிலுக்குக் கீழே செத்தது. தலைப்பட்டி இரண்டு தடவை இற்றுப்போனது. இரண்டு தடவையும் முபாறக்தான் தைத்தார். கன்றுக்குட்டி என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஆகவே டொக்டர், நீங்கள் கேட்ட இரண்டு வரி இதுதான். கூடு போட்ட நாய் அதற்குள் வாயைத் திறந்து இளைக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். சந்தேகமென்றால் சொந்தக்காரரின் வாயில் அதை முதலில் மாட்டி, வெயிலில் மூன்று சுற்று ஓடவிடுங்கள். அந்தக் கடதாசியை எறிய வேண்டாம். மண்ணைத் துடைக்கவும் வேண்டாம். அது முபாறக்கின் நாலாவது தடவை.